ஹெம்ப் சரக்கு: எது பலசரக்கு, எது வழக்கு?

நம் பகுதிக் கடைகளுக்கு அண்மைக் காலமாகப் புது மாதிரியான விலைப்பட்டியல் ஒன்று வந்துகொண்டிருக்கிறது. சிறுதானியம், சியா விதை, ஆளி விதை என்று தொடங்குகிறது. நடுப்பக்கத்தில் "ஹெம்ப் விதை", "ஹெம்ப் விதை எண்ணெய்", "ஹெம்ப் மாவு" என்று போகிறது. கடைசிப் பக்கத்தில் சிறு சொட்டுப் புட்டிகளும், தூக்கத்துக்கு என்று சொல்லி ஜெல்லி மிட்டாய்களும் இடம் பிடித்திருக்கின்றன. கண்டனூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் ஒருவர் அந்தப் பட்டியலைக் கொண்டுவந்து காட்டினார். பட்டியலை நீட்டிய விற்பனைப் பிரதிநிதி அவரிடம் சொன்னது இது: "ஒண்ணும் பயப்படாதீங்கண்ணே. இது சணல் விதை. சாக்கு தைக்கிற அதே சணல்தான். அமெரிக்காவுல பெட்ரோல் பங்குலகூட வச்சு விக்கிறான். நம்ம அரசாங்கமே அனுமதி குடுத்தாச்சு."

வாங்கி வைக்கலாமா என்பது உறுப்பினரின் கேள்வி. பட்டியலில் கழிவு தாராளமாகவே இருந்தது. மளிகையில் உப்புக்கும் சர்க்கரைக்கும் கிடைக்கிற இலாபத்தோடு ஒப்பிட்டால் யாருக்கும் சபலம் தட்டத்தான் செய்யும். ஆனால் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தால், அந்தப் பட்டியலின் நடுப்பக்கம் உணவுப் பொருள். கடைசிப் பக்கம் போதைத் தடுப்புப் போலீஸ் சம்பந்தப்பட்ட விஷயம். இரண்டையும் ஒரே பில்லில் போட்டு அனுப்புகிறார்கள் என்பதுதான் ஆபத்து.

சணல் வேறு, ஹெம்ப் வேறு

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். புதுவயல் அரிசி ஆலைகளுக்கு வந்து இறங்கும் சாக்கு சணலில் ஆனது. நம் கடைகளில் பொட்டலம் கட்டப் பயன்பட்ட நூல்கண்டும் அதுவே. வயலில் பசுந்தாள் உரத்துக்கு விதைத்து மடக்கி உழுகிறோமே, அது சணப்பை. ஆந்திராக்காரர்கள் கோங்குரா என்று துவையல் அரைக்கும் புளிச்சைக் கீரையின் இனத்தில் நாருக்காக வளர்க்கும் செடி ஒன்று உண்டு. இலை பார்வைக்குக் கஞ்சா இலைபோல் இருப்பதால் அதன் தாவரவியல் பெயரிலேயே "கன்னபினஸ்" என்ற சொல் ஒட்டிக்கொண்டுவிட்டது. வெள்ளைக்காரன் நார் தரும் செடிகள் பலவற்றுக்கும் முன்னால் ஏதாவது ஓர் அடைமொழி போட்டு "ஹெம்ப்" என்றே அழைத்துவிட்டுப் போனான். அதனால்தான் அகராதியைப் புரட்டினால் ஹெம்ப் என்பதற்குச் சணல் என்று பொருள் வருகிறது. இந்தச் செடிகள் எவற்றுக்கும் போதைச் சட்டத்தோடு எந்த உறவும் இல்லை.

அடைமொழி இல்லாமல் வெறுமனே "ஹெம்ப்" என்று விலைப்பட்டியலில் போட்டிருந்தால் அது கன்னபிஸ் சட்டைவா. அதாவது கஞ்சாச் செடி. போதைச் சத்து குறைந்த இரகம் என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் 1985-ஆம் ஆண்டு நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம் இரகம் பார்ப்பதில்லை. கன்னபிஸ் இனத்தைச் சேர்ந்த எந்தச் செடியும் அச்சட்டத்தின் கண்ணில் கஞ்சாச் செடிதான். அமெரிக்காவில் 2018-இல் வந்த வேளாண் சட்டம், டி.எச்.சி. என்னும் போதைச் சத்து உலர் எடையில் 0.3 சதவீதத்துக்கு மேற்படாத செடியை ஹெம்ப் என்று தனியே பிரித்து வைத்தது. நம் மத்தியச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவினை கிடையாது. நாருக்காகவும் விதைக்காகவும் பயிரிட அரசு தனியே அனுமதி தரலாம் என்று 14-ஆவது பிரிவு சொல்கிறது. அதைக் கொண்டு உத்தரகண்ட் மாநிலம் 2018-இல் உரிமம் வழங்கத் தொடங்கியது. அங்கே 0.3 சதவீதம் என்பது உரிமத்தின் நிபந்தனை. உரிமம் இல்லாமல் வீட்டுக் கொல்லையில் ஒரு செடி ஊன்றினாலும் பத்து ஆண்டுவரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு.

கசகசாவைப் பாருங்கள், விளங்கும்

இரகத்தைப் பிரிக்காத சட்டம், செடியின் உறுப்புகளைப் பிரிக்கிறது. பூவும் காயும் கொண்ட நுனிக் கதிர் கஞ்சா. செடியிலிருந்து பிரித்தெடுத்த பிசின், அது எந்த வடிவத்தில் இருந்தாலும், சரஸ். அதைச் சுண்டக் காய்ச்சிய எண்ணெயும் சரஸ். இவற்றைக் கலந்து செய்த கலவையும், பானமும் தடைக்குள் அடக்கம். நுனிக் கதிரோடு சேராத விதையும் இலையும் மட்டும் அந்த விளக்கத்துக்கு வெளியே நிற்கின்றன. 1961-ஆம் ஆண்டின் சர்வதேசப் போதைப்பொருள் உடன்படிக்கையிலும் இதே விலக்கு இருக்கிறது.

இது நமக்குப் புதிதல்ல. செட்டிநாட்டுக் குழம்புக்கு மசாலா வறுக்கிற ஆச்சிமார் கேட்டு வாங்கும் கசகசா என்ன? அபினிச் செடியின் விதைதான். காயைக் கீறி வடியும் பால் அபினி. அதைத் தொட்டால் சிறை. காய்ந்த காயின் தோலும் சட்டத்துக்குள் வருகிறது. விதை மட்டும் நம் கடையில் ஏலக்காய்க்குப் பக்கத்து டப்பாவில் இருக்கிறது. அந்தக் கசகசாவைக்கூட வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டுமானால் இறக்குமதியாளர் தம் ஒப்பந்தத்தைக் குவாலியரில் உள்ள மத்தியப் போதைப்பொருள் ஆணையரிடம் பதிவு செய்தாக வேண்டும். சில்லறைக் கடைக்காரருக்கு இந்தத் தொல்லையெல்லாம் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லாமல் போய்விட்டது. ஹெம்ப் விதையும் இதே வழியில் வந்த சரக்கு. உத்தரகண்ட் மலைக் கிராமங்களில் அதை வறுத்துத் துவையல் அரைத்துச் சாப்பிடுவது பழைய வழக்கம்.

விதைக்கு ஏன் போதை இல்லை என்பதையும் சொல்லிவிடுவோம். டி.எச்.சி., சி.பி.டி. போன்ற சத்துகள் பூவையும் அதைச் சுற்றியுள்ள சிற்றிலைகளையும் மூடியிருக்கும் நுண்ணிய சுரப்பி மயிர்களில் ஊறுகின்றன. விதைக்குள் அவை ஊறுவதில்லை. அறுவடையின்போது உமியில் ஒட்டிக்கொள்ளும் பிசின்தான் விதையோடு வருகிறது. நன்கு சுத்தம் செய்தால் மிச்சம் இருப்பது எண்ணெயும் புரதமும். நூற்றுக்கு முப்பதுக்கு மேல் எண்ணெய், ஏறக்குறைய இருபத்தைந்து புரதம். எள்ளைச் செக்கில் ஆட்டுவதுபோல் ஆட்டி எடுப்பதே விதை எண்ணெய்.

2021-இல் என்ன அனுமதி கிடைத்தது?

"அரசாங்கமே அனுமதி குடுத்தாச்சு" என்ற பேச்சின் மூலம் இதுதான். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2021 நவம்பரில் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. ஹெம்ப் விதை, விதை எண்ணெய், விதை மாவு ஆகியவற்றை உணவாக விற்கலாம், உணவில் சேர்க்கலாம் என்பது அதன் சாரம். விதையிலும் எண்ணெயிலும் மொத்த டி.எச்.சி. கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இவற்றைக் கொண்டு செய்த எந்த உணவிலும் சி.பி.டி. கிலோவுக்கு 75 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. உறையில் மயக்கம் தரும் என்று எண்ணவைக்கும் வாசகம் கூடாது. கஞ்சா இலைப் படமும் கூடாது.

ஆகவே உரிம எண், தயாரிப்பாளர் முகவரி, தொகுதி எண், தேதி எல்லாம் அச்சிட்ட முத்திரை உடையாத பாக்கெட்டில் வரும் விதையையும் விதை எண்ணெயையும் நம் உறுப்பினர்கள் தயங்காமல் விற்கலாம். விற்குமா என்பது வேறு. கிலோ எள் விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கிற நம் வாடிக்கையாளர் முகம் சுளிக்கக்கூடும். மூட்டையாக வாங்கி உதிரியாக நிறுத்து விற்கிற பழக்கம் இந்தச் சரக்குக்கு மட்டும் வேண்டாம். மூட்டைக்குள் இரண்டு நுனிக் கதிர் கலந்து வந்தால், "கதிரோடு சேராத விதை" என்ற விலக்கே அடிபட்டுப்போகும்.

இப்போது கடைசிப் பக்கத்துக்கு வருவோம். அங்கே இருந்த சொட்டுப் புட்டியில் 30 மில்லி எண்ணெயில் 1000 மில்லிகிராம் சி.பி.டி. என்று போட்டிருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தோம். கிலோவுக்கு முப்பதாயிரம் மில்லிகிராமுக்கு மேல் வருகிறது. அனுமதித்த 75 எங்கே, இது எங்கே? நானூறு மடங்குக்கு மேல். விதையைச் செக்கில் ஆட்டி இப்படி ஒரு புட்டி நிரப்ப முடியாது. பூவிலிருந்தோ இலையிலிருந்தோதான் வடித்திருக்க வேண்டும். பூவிலிருந்து என்றால் போதைச் சட்டம். பிரதிநிதிகள் இந்த இடத்தில் "இலையிலிருந்து எடுத்தது, இலைக்குத்தான் விலக்கு இருக்கிறதே" என்பார்கள்.

அந்த வாதத்தில் கொஞ்சம் உண்மை உண்டு, நமக்குப் பயன்படாத உண்மை. இலையிலிருந்து எடுத்த மருந்தை ஆயுர்வேத மருந்தாக, ஆயுஷ் உரிமம் பெற்றுச் செய்யும் நிறுவனங்கள் நாட்டில் உள்ளன. உறையில் பெரும்பாலும் "விஜயா" என்ற வடமொழிப் பெயர் இருக்கும். மருந்து மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் விதிகளில் உள்ள ஈ-1 பட்டியலில், நச்சு மூலப் பொருட்களோடு இது சேர்க்கப்பட்டிருக்கிறது. விதைக்கு மட்டும் அங்கேயும் விலக்கு. மருத்துவர் மேற்பார்வையில்தான் உட்கொள்ள வேண்டும் என்று உறையிலேயே எச்சரிக்கை அச்சிட வேண்டும். மருத்துவச் சீட்டைப் பார்த்து எழுதி வைத்துக் கொடுக்க வேண்டிய பொருளைப் பிஸ்கட்டுக்கும் ஊறுகாய்க்கும் நடுவே அடுக்குவது மளிகைக் கடைக்காரர் வேலையா? நாட்டு மருந்துக் கடை நடத்தும் நம் உறுப்பினர்கள் இந்த "விஜயா" என்ற சொல்லை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இலை விஷயத்தில் தமிழ்நாட்டுக்கென்று இன்னொரு வேலியும் இருக்கிறது. காசியிலும் இராஜஸ்தானத்திலும் அரசு உரிமம் பெற்ற பாங்குக் கடைகள் வெளிப்படையாக நடக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இங்கேயும் ஆகும் என்று நினைத்துவிடுகிறார்கள். மத்தியச் சட்டம் விட்டுவிட்ட இலையை அந்தந்த மாநிலம் தன் விருப்பப்படி ஆளலாம். நம் மாநிலத்தில் இராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது வந்த 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம், கஞ்சாச் செடியின் இலையையும் பாங்கையும் சேர்த்தே போதைப்பொருள் என்கிறது. ஹெம்ப் இலைத் தேநீர் என்று யாராவது தகர டப்பாவில் கொண்டுவந்தால் இந்தச் சட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக் கதைகள்

அமெரிக்காவில் பெட்ரோல் பங்கில் விற்றது பொய்யில்லை. 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த ஓட்டையைப் பிடித்து, சி.பி.டி.யிலிருந்து இரசாயன முறையில் "டெல்டா-8" என்னும் இன்னொரு வகை டி.எச்.சி.யைச் செய்து மிட்டாயில் ஏற்றி விற்றார்கள். 2025 நவம்பரில் அங்கே கையெழுத்தான சட்டம், ஓராண்டு அவகாசம் கொடுத்து அந்த ஓட்டையை அடைத்தது. ஒரு டப்பாவுக்கு மொத்தம் 0.4 மில்லிகிராம் டி.எச்.சி.தான் இருக்கலாம் என்கிறது. நம் நாட்டில் ஓட்டையே இருக்கவில்லை. டெல்டா-8, டெல்டா-9, டெல்டா-10 என்று எல்லா வகையும் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மனமயக்கப் பொருள் அட்டவணையிலேயே இருக்கின்றன.

"ஐ.நா. சபையே கஞ்சாவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது, இந்தியாவும் ஆதரித்து ஓட்டுப் போட்டது" என்பது இன்னொரு பேச்சு. 2020 டிசம்பரில் வாக்கெடுப்பு நடந்தது, 27 நாடுகள் ஆதரவு, 25 எதிர்ப்பு, இந்தியா ஆதரித்தது, எல்லாம் சரி. ஆனால் எடுத்தது மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து மட்டுமே. கட்டுப்பாடு உள்ள முதல் பட்டியலில் கஞ்சா அப்படியே நீடிக்கிறது. நம் உள்நாட்டுச் சட்டத்தில் அதனால் ஓர் எழுத்தும் மாறவில்லை.

வணிகர்கள் கவனிக்க வேண்டிய கதை தாய்லாந்துடையது. 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். தெருவுக்குத் தெரு கடை முளைத்தது. சின்னச் சின்ன ஆட்களெல்லாம் கடன் வாங்கி முதல் போட்டார்கள். 2025 ஜூனில் மருத்துவச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. கொள்கை மாறும்போது அமைச்சருக்கு நட்டமில்லை. அலமாரி நிறையச் சரக்கு வைத்திருந்தவனுக்குத்தான் நட்டம்.

பிடிபடுவது யார்?

நம் உறுப்பினர்கள் குட்கா தடை வந்த 2013-க்குப் பிறகு பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டார்கள். தயாரித்தவன் எங்கோ இருந்தான். சீல் வைத்தது பெட்டிக்கடைக்கு. போதைச் சட்டம் அதைவிடப் பல மடங்கு கடுமையானது. மற்ற வழக்குகளில் குற்றத்தை அரசுத் தரப்பு மெய்ப்பிக்க வேண்டும். இச்சட்டத்தின் 35, 54-ஆவது பிரிவுகளில் கணக்குத் தலைகீழ். பொருள் நம் கைவசம் இருந்தது என்று நிலைநாட்டிவிட்டால், தெரிந்தே வைத்திருந்தோம் என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். தெரியாது என்பதை நாம்தான் மெய்ப்பிக்க வேண்டும், அதுவும் ஐயத்துக்கு இடமில்லாமல். கம்பெனிக்காரன் சொன்னதை நம்பினேன் என்று வாயால் சொன்னால் போதாது.

எடைக் கணக்கும் நமக்கு எதிராகவே இருக்கிறது. சரஸ் வகையில் 100 கிராம்வரை சிறு அளவு; ஓராண்டுவரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. பத்து முதல் இருபது ஆண்டு, கூடவே ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சம்வரை அபராதம், ஜாமீன் கிடைப்பதும் குதிரைக்கொம்பு. இடைப்பட்டதற்குப் பத்தாண்டுவரை. மிட்டாயில் கலந்த சாறு துளியளவுதானே என்று கேட்கலாம். 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஹீரா சிங் வழக்கில், கலவையில் உள்ள போதைச் சத்தை மட்டும் தனியே நிறுக்க வேண்டியதில்லை, சேர்மானத்தையும் கூட்டி மொத்த எடையையே பார்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அப்படிப் பார்த்தால் சர்க்கரையும் ஜெலட்டினும் சேர்ந்துதான் தராசில் ஏறும். நூறு கிராம் டப்பா பத்துக்கு மேல் அலமாரியில் இருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோவை, திருப்பூர்ப் பக்கம் பெட்டிக்கடைகளில் கஞ்சா சாக்லேட் பிடிபட்ட செய்திகளை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். வடக்கேயிருந்து பார்சலில் வந்த சரக்கு அது. உறையில் ஆயுர்வேதம் என்று அச்சிட்டிருந்தால் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று நம்பியவர்கள் சிலராவது அதில் இருந்திருப்பார்கள்.

பில் கேளுங்கள். இதை நாம் எத்தனை முறை எழுதினாலும் துண்டுச் சீட்டில் வாங்குகிற பழக்கம் நம்மவர்களை விட்டுப் போவதாக இல்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இன் 26-ஆவது பிரிவின்படி, நமக்குச் சரக்கு தருகிறவர் அதன் தன்மைக்கும் தரத்துக்கும் எழுத்தில் உத்தரவாதம் தர வேண்டும். முறையான பில்லே அந்த உத்தரவாதமாகக் கருதப்படும். விதை, எண்ணெய் வாங்கும்போது பொருளின் முழுப்பெயர், தொகுதி எண், அவருடைய உரிம எண் மூன்றும் பில்லில் இருக்க வேண்டும். டி.எச்.சி. அளவைக் காட்டும் ஆய்வகச் சான்றின் நகலையும் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். "இதர மளிகை" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுக்கிறவரிடம் இந்தச் சரக்கே வேண்டாம். போதைச் சட்ட வழக்கிலிருந்து பில் மட்டுமே நம்மைக் காப்பாற்றிவிடாது என்றாலும், வழக்கறிஞர் எடுத்துவைக்க ஏதோ ஒரு காகிதம் இருக்கும்.

பலகாரம் போட்டு அனுப்பும் நம் பகுதிக்காரர்களுக்கும் ஒரு சொல். சிங்கப்பூர், மலேசியாவில் உறவு இல்லாத வீடு இங்கே குறைவு. கொழுந்தனார் முட்டி வலிக்கு என்று யாராவது சி.பி.டி. எண்ணெயைச் சீடை, முறுக்கோடு வைத்துக் கட்டச் சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். சிங்கப்பூர்ச் சட்டத்தில் அது கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருள் வகையில் சேரும். அங்கே கசகசாவைக்கூட விசாரிப்பார்கள்.

ஏற்கெனவே இந்தப் புட்டிகளோ மிட்டாய்களோ வாங்கி வைத்துவிட்டவர்கள் அவசரப்பட்டுத் திருப்பி லாரியில் போடவோ கூரியரில் அனுப்பவோ வேண்டாம். கொண்டுசெல்வதும் அனுப்புவதும் சட்டத்தின் பார்வையில் தனிக் குற்றங்கள். விற்பனையை அன்றே நிறுத்திவிட்டு, பில்லையும் விலைப்பட்டியலையும் எடுத்துக்கொண்டு, குற்றவியல் வழக்குகளில் பழகிய வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். சரக்கை எப்படி ஒப்படைப்பது என்பதை அவர் எழுத்தில் செய்து தருவார். தனியே போகத் தயங்கும் உறுப்பினர்கள் சங்கச் செயலாளரிடம் சொன்னால் உடன் வர ஆள் ஏற்பாடு செய்கிறோம்.